ராப் ஸ்டார்க்கின் மரணம்: பார்வையாளரை ஏமாற்றினார்களா?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் வடக்கின் அரசரான ராப் ஸ்டார்க் ஒரு திருமண விருந்தில் கொல்லப்படுகிறார்; எந்த முன்னறிகுறியும் காட்டாமல் நம்மை ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். ஏமாற்றவில்லை. மூன்றாம் சீசனின் ஒன்பதாம் எபிசோடில் நீங்கள் தேடும் முன்னறிகுறிகள், முதல் கத்திக்குத்துக்கு முன்பே திரையில் வந்துவிடுகின்றன.

அவை உங்கள் கண்ணில் படாததற்கு விருந்தோம்பல் காட்சியே காரணமாக இருக்கலாம். மணமகளின் தந்தையான வால்டர் ஃபிரே விருந்தினருக்கு ரொட்டியும் உப்பும் கொடுக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, உப்பிட்டவனே கொலைக்கு ஆள் வைத்திருப்பான் என்ற எண்ணம் எளிதில் வராது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு ராப்பின் தந்தையான எட்டார்டின் பெயரை வைக்கலாம் என்று ராப்பின் மனைவி டலிசா சொல்வதும் நம்மை மேலும் அசந்திருக்க வைத்துவிடுகிறது. (நாவலில் ராப்பின் மனைவி அந்தத் திருமணத்துக்கு வருவதே இல்லை, தொடரில் வலி கூடியதற்கு அதுவும் காரணம் என்பது என் கருத்து.)

மனம் ஒப்பினால், மணமக்களை அழைத்துச் சென்றபின் கூடத்தின் கதவு சாத்தப்படும் இடத்திலிருந்து மீண்டும் பாருங்கள். இசைக்குழு, ராப்பின் எதிரிகளான லானிஸ்டர் குலத்தின் பாடலைத் தொடங்கியதும் ராப்பின் தாய் கேட்லினின் முகம் மாறுகிறது. பிறகு, ராப்பின் படைத்தலைவர்களில் ஒருவரான ரூஸ் போல்டனின் கைச்சட்டையை விலக்கி, உள்ளே இருக்கும் இரும்பு வளையக் கவசத்தைப் பார்க்கிறார்.

ஆனால் பத்தாம் எபிசோடைத் தூங்கப்போகும் நேரத்தில் தொடங்காதீர்கள். ராப்பின் உடலுக்கு நேரும் அவமதிப்பு அதன் தொடக்கத்திலேயே வருகிறது.