செட்டிநாட்டுக்கு வரும் பயணிகள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்?

வீட்டின் உள்கட்டை. முகப்பு எல்லோருக்கும் காட்டுவதற்கு. உள்ளே நடக்கும் வாழ்க்கையைப் பார்க்கத்தான் ஆசை. சுற்றுலாவை ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர் டீன் மெக்கானல் 1973-லேயே எச்சரித்தார்: அந்த உள்கட்டையும் பயணிகளுக்காக ஜோடித்து வைத்துவிடுவார்கள்.

ஜோடனை இல்லாத இடம் வேண்டுமென்றால் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போங்கள். கண்ணாடித் தகட்டில் உலோக அச்சை வைத்து, வண்ண சிமெண்ட் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் அந்த நொடியில் கை நடுங்கினால் நிறங்கள் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அப்புறம் ஈரக்கலவை. காய்ந்ததும் தண்ணீரில் ஊறும். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடி தந்தது.

ஒரே நாளில் ஐந்து மாளிகைகளைத் திணித்தால் இது கிடைக்காது. ஒரு மாளிகை போதும். பட்டறையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். படம் எடுக்குமுன் வேலை செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.