ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

மீட்டர் 3,000 ரூபாய் ஒயர் போட்டால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, சார்?

வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரில் முக்கியம் தடிமன், நீளம், நல்ல ஜாயின்ட். ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் இழுத்தால், போக வர 20 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.14 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.15 டெசிபல்தான், காதுக்குத் தெரியாது. அதே இடத்தில் நூல் மாதிரி 0.5 ஸ்கொயர் ஒயரும் 4 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 1.4 டெசிபல் போய்விடும். அது கேட்கும். அதற்கு மருந்து தடித்த ஒயர், விலை உயர்ந்த ஒயர் அல்ல.

வாங்கும்போது ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை கூடுதல், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். இதைச் செம்பு விலைக்கு விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

வெள்ளிக் கம்பி?

செம்பைவிட 6 சதவீதம் போல நன்றாகக் கடத்தும். செம்பையே கொஞ்சம் தடிமனாக வாங்கினால் சரியாகிவிடும்.

விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிளில் பாஸ் கூடுமா?

கூடாது. டிஜிட்டல் சிக்னல் சரியாகப் போய்ச் சேரும். இல்லையென்றால் சத்தம் விட்டு விட்டு வரும், படத்தில் புள்ளி தெறிக்கும்.

லேப்டாப்பை ஆம்ப்பில் மாட்டினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல். கேபிளை மாற்றிவிட்டேன், போகவில்லை.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த் வழியில். லேப்டாப்பும் ஆம்ப்பும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) அவற்றை இணைத்து ஒரு வளையமாகிவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதில் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். அப்புறமும் இருந்தால், நேரடி மின் இணைப்பில்லாமல் சத்தத்தை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். உயிர் போகும்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இதே பதில்தானா?

இல்லை. அங்கே கேபிளின் வித்தியாசம் நிச்சயம் காதில் கேட்கும். கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) அதிகம். கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 3 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போனால் அது கூடி, டிரெபிள் (கீச்சு ஒலி) மங்கும். நீளத்தைக் குறையுங்கள்.

என் காதுக்கே வித்தியாசம் தெரிகிறதே?

உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. விலை தெரிந்தால் யார் காதும் சாயும், என் காதும்தான். வீட்டில் ஒருவரை, நீங்கள் பார்க்காமல், காசு சுண்டி ஒயரை மாற்றச் சொல்லுங்கள், வால்யூம் மாறக்கூடாது. 10 முறை கேட்டு எது எது என்று எழுதுங்கள். குருட்டாம்போக்கில் 9 சரியாக வருவது நூற்றில் ஒரு தடவைதான். உங்களுக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள். பழைய ஒயரில் எந்த ஜாயின்ட் விட்டிருக்கிறது என்று சேர்ந்தே தேடுவோம்.