பாட்டியின் பெட்டியில் கிடைத்த பிரெஞ்சுப் பெயர்

கேள்வி: எனக்கு 47 வயது. விழுப்புரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தை மாதம் அப்பாவைப் பெற்ற பாட்டி தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, கல்யாணப் புடவைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு பிரெஞ்சுத் தாள் கிடைத்தது. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் 1948-ல் புதுச்சேரியில் நடந்த கல்யாணத்தின் பதிவாம். அதில் தாத்தாவின் தமிழ்ப் பெயரோடு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் இருக்கிறது (அதை அச்சிட வேண்டாம்). அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது. நாங்கள் இந்துக்கள். பெரியப்பாவைக் கேட்டால், “செத்தவங்க சமாசாரத்தைக் கிளறாதே” என்கிறார். தாத்தா யார்? வெள்ளைக்காரர் ரத்தமா? கிறிஸ்தவரா? எங்கிருந்து தேடுவது? இதை வைத்து பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா?

பதில்: பிரெஞ்சுப் பெயர் இருப்பதை மட்டும் வைத்து வெள்ளைக்காரர் ரத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். கலப்புக் குடும்பங்களும் புதுச்சேரியில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தமிழ்ப் பெயரும் பக்கத்திலேயே ஒரு பிரெஞ்சுப் பெயரும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது வேறு: உங்கள் தாத்தா ரெனோன்சான் வீட்டுப் பிள்ளை.

இந்தச் சொல் விழுப்புரத்தில் பழக்கமில்லாமல் இருக்கலாம். புதுச்சேரியில் பழைய ஆட்களைக் கேளுங்கள், தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1819-ல் தங்கள் சட்டங்களை இங்கே கொண்டுவந்தபோது, இந்தியர்கள் கல்யாணம், சொத்து போன்ற விஷயங்களில் அவரவர் சாதி, மத வழக்கப்படியே நடக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. ‘எனக்கு அந்த வழக்கச் சட்டம் வேண்டாம், பிரெஞ்சு சிவில் சட்டமே போதும்’ என்று ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது செல்லும். எழுதிக் கொடுக்கும்போது ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். துறப்பதற்கு பிரெஞ்சில் ‘ரெனோன்சே’. துறந்தவர் ரெனோன்சான்.

இவர்களுக்கு முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு வந்தார் என்று 1873-ல் கோர்ட்டுக்குள் விடாமல் தடுத்தார்கள். வழக்கை பாரிஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். துறப்பு ஆணை வந்ததும் அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘லாப்போர்த்’. கதவு என்று அர்த்தம். சிலர் இப்படி பிரெஞ்சுச் சொல்லை எடுத்தார்கள், சிலர் புனிதர் பெயரை, சிலர் சொந்த அப்பாவின் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக நிலைக்க வைத்தார்கள். அதனால் பெயரைப் பார்த்து மதத்தைச் சொல்ல முடியாது. துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய, ஒடுக்கப்பட்ட சாதியினர் நிறைய. இந்துவாகவே இருந்துகொண்டு துறந்தவர்களும் உண்டு. இது மதமாற்றம் அல்ல, சட்டம் மாறுவது.

ஒன்றைக் கவனியுங்கள். பெயரை மாற்றிக்கொண்டவர் எதையும் மறைக்கவில்லை. சாட்சி வைத்து, பதிவேட்டில் ஏற்றி, ஊரறியச் செய்தார். 1884-ல் ரெனோன்சான்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியலே போட்டார்கள். பெயர் காணாமல் போனது அதற்கு ரொம்பப் பிறகு, பெரும்பாலும் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கேட்பது பையன் பெயர், அப்பா பெயர், சாதி. குடும்பப் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாகிவிடும், மூன்று தலைமுறைப் பெயர் ஒரே காலை வேளையில் போய்விடும். நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்திருக்கிறது. வெட்கம், பயம் எல்லாம் மீதிப் பாதியில்.

சரி, தாளுக்கு வருவோம். அதை ‘கல்யாணச் சான்றிதழ்’ என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் தேடலில் பாதி வேலையை அதுவே செய்து வைத்திருக்கிறது. பிரெஞ்சுப் பதிவில் தேதிகளை எண்ணில் எழுத மாட்டார்கள், நீட்டி எழுத்தால் எழுதுவார்கள். அதனால் முதல் மூன்று வரி வெறும் தேதியாகவே இருக்கும், மிரள வேண்டாம். அதற்கடுத்து மாப்பிள்ளை பெயர், தொழில், எந்த ஊரில் எந்தத் தேதியில் பிறந்தார் என்பது. பிறகு ‘ஃபீஸ் தெ’ என்று வரும், இன்னாருடைய மகன் என்று பொருள். அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்துங்கள். அப்பா பெயருக்கு முன்னால் ‘ஃபெ’ என்ற சின்னச் சொல் இருக்கிறதா? நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அகராதியைப் புரட்டி அதற்கு ‘நெருப்பு’ என்று அர்த்தம் எழுதி வைத்தேன். ஒருவருடைய கொள்ளுத்தாத்தா இரண்டு நாள் என் நோட்டில் ‘நெருப்பு முத்துசாமி’யாக இருந்தார். பெயருக்கு முன்னால் வந்தால் அது ‘காலஞ்சென்ற’ என்று பொருள்படும். அந்த ஒரு சொல், அவருடைய இறப்புப் பதிவை 1948-க்கு முன்னால் தேடச் சொல்கிறது.

தாத்தாவின் அப்பாவுக்கும் அதே பெயர் என்கிறீர்கள். அப்படியானால் துறந்தவர் உங்கள் தாத்தா இல்லை. கொள்ளுத்தாத்தாவோ, அவருக்கும் முந்தியவரோதான். ஆக மேல்நோக்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். படியைத் தாண்டிக் குதித்தால் அதே பெயருள்ள வேறு குடும்பத்தில் போய் விழுவீர்கள்.

முதல் படி, புதுச்சேரி நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு. பழைய ஆட்கள் ‘எத்தா சிவில்’ என்பார்கள். கல்யாணத் தாளில் இருக்கும் பிறந்த தேதியைக் கொடுத்து தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேளுங்கள். அங்கே ‘எக்ஸ்த்ரே’ என்ற சுருக்கம் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘கொப்பி எந்தெக்ரால்’, அதாவது பதிவேட்டில் உள்ளபடி முழுப் படிதான் வேண்டும். சுருக்கத்தில் சாட்சிகள் வர மாட்டார்கள், ஓரக் குறிப்பு விட்டுப்போகலாம்.

அந்தச் சாட்சிகள்தான் எனக்குப் பிடித்த ஆட்கள். பெயர், வயது, தொழில், குடியிருக்கும் ஊர் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்திருப்பார்கள். ஒரு பிறப்புப் பதிவின் அடியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குமாஸ்தாவின் சாய்வான பிரெஞ்சு எழுத்து பக்கம் முழுக்க ஓடுகிறது, கீழே ஒரு மூலையில் மை திட்டுத் திட்டாகப் பரவிய தமிழ்க் கையெழுத்து. பதிவில் அந்தச் சாட்சிக்கும் குழந்தையின் அப்பாவுக்கும் உறவு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதே ஆள் அந்த வீட்டின் மூன்று குழந்தைகளுக்கும் சாட்சி. தேடிப் போனால் தாய்மாமன். அவர் ஊரைப் பிடித்ததும் குடும்பத்தின் பூர்வீக ஊர் தானாக வந்துவிட்டது.

தாத்தாவுக்கு முந்திய தலைமுறைகளுக்கு நீங்கள் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை, போன் இருந்தால் போதும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளின் படங்களை அதன் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அண்மைக் காலத்தவை அதில் இருக்காது, அதற்கு நகராட்சிதான். ‘இந்தியா’ என்று நாட்டையும், பிறகு ஊரையும் ஆண்டையும் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பல ஆண்டுகளின் கடைசியில் அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், முதலில் அங்கே போங்கள்.

அங்கேதான் எழுத்துக்கூட்டல் கழுத்தை அறுக்கும். நாம் ஆங்கிலத்தில் எழுதுகிற மாதிரி தேடினால் ஒரு பெயரும் சிக்காது. ‘உ’ ஓசை வந்தால் ஓ, யூ என்று இரண்டு எழுத்து. அதனால் முத்து எம்-ஓ-யூ என்று தொடங்குவார், ஆறுமுகத்தின் நடுவில் இரண்டு முறை ஓ-யூ வரும். ‘ஜ’ என்றால் டி-ஜே. ‘ன்’ என்று முடிந்தால் கடைசியில் ஓர் ‘ஈ’ ஒட்டிக்கொள்ளும். ‘ழ’வுக்கு ஜே போடுவார்கள், ‘வெள்ளாழர்’ என்ற சொல்லை ஜே போட்டு எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். ஒரே ஆளின் பெயரை ஒரே பதிவில் இரண்டு விதமாக எழுதியிருப்பதும் சாதாரணம்.

ஊர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருந்ததில்லை. வில்லியனூர், பாகூர், திருபுவனை என்று திட்டுத் திட்டாக, நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்கள். வாய்க்காலுக்கு இந்தக் கரை ஓர் ஆட்சி, அந்தக் கரை வேறு ஆட்சி. 1880-ல் கொம்யூன்கள், அதாவது நகராட்சி மாதிரியான உள்ளாட்சிகள், வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு. புதுச்சேரி நகரப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. உழவர்கரையில் பாருங்கள், பாகூரில் பாருங்கள். கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தென்னாற்காடு மாவட்டப் பக்கம் என்றால் பிரெஞ்சுப் பதிவில் கிடைக்கவே மாட்டார். கிறிஸ்தவராக இருந்திருந்தால் மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும்.

இப்படி ஏறிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் குடும்பப் பெயர் நின்றுவிடும். மகனுக்கு இருக்கும், அப்பாவுக்கு இருக்காது. துறப்பு நடந்த இடம் அதுதான். அந்த ஆண்டை ஒட்டித் துறப்புப் பதிவையும் பிரெஞ்சிந்திய அரசிதழையும் தேடலாம். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் விசாரியுங்கள். அதற்கு முந்திய பதிவுகள் வேறு மாதிரி இருக்கும். துறக்காத இந்தியர்களின் பழைய பதிவுகள் பலவற்றில் பெயரை ஒட்டியே சாதியை எழுதியிருப்பார்கள். துறந்த பிறகு அது போய்விடும். துறந்தவர்களில் பலருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

உங்கள் பெரியப்பா ‘கிளறாதே’ என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது வீட்டில் சொல்லிக்கொள்ளும் சாதியும் அந்தப் பதிவில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மதமும் அப்படியே. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது, அதனால் மாதா கோவிலுக்குப் போவதையும் பெயரையும் சேர்த்தே விட்ட குடும்பங்கள் உண்டு. ஆகவே கிடைத்ததை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். முதலில் பெரியப்பாவிடம் தனியாகக் காட்டுங்கள். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். ‘நாம யாரு’ என்று கேட்காமல், ‘தாத்தா சைகோன் போயிருந்தாரா, அவங்க அப்பா போயிருந்தாரா’ என்று தொடங்கிப் பாருங்கள். சைகோன் இருக்கும் வியட்நாமும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, ரெனோன்சான்களில் பலர் பிரெஞ்சு அரசு வேலைக்கு அங்கே போனார்கள். அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட மாட்டார்கள், சொல்லத் தொடங்கினால் மற்றது பின்னாலேயே வரும்.

டிஎன்ஏ சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நீங்கள் தேடும் ஊரையோ பெயரையோ அது சொல்லாது.

நேஷனாலிட்டி விஷயம். இந்தியாவும் பிரான்சும் 1956-ல் செய்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி போன்ற பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். உங்கள் தாத்தா எழுதிக் கொடுத்ததற்குத் தாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவர் சைகோனில் பிறந்தவர் என்று தெரிந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், அப்போது வக்கீலைப் பாருங்கள். அப்படியே இருந்தாலும், 50 ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் பிரான்சுக்கு வெளியே, பிரெஞ்சுக்காரர் என்ற எந்த அடையாளமும் இல்லாமல் வாழ்ந்திருந்தால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராமல் போகலாம். உங்களிடம் சொன்னவர் முன்பணம் கேட்டாரா? கேட்டிருந்தால் தாளை அவர் கையில் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கூட வேண்டாம்.

தாளை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். மடிப்பைப் பிரித்து ஒரு கோப்பில் தட்டையாக வையுங்கள். பெட்டியில் சின்ன நோட்டு மாதிரி ஏதாவது இருந்ததா என்றும் இன்னொரு தடவை பாருங்கள். கல்யாணத்தன்று கொடுக்கும் ‘லிவ்ரே தெ ஃபமீய்’ என்ற குடும்பப் புத்தகமாக இருந்தால் பிள்ளைகள் எல்லோருடைய பிறப்பும் அதில் ஏறியிருக்கும், உங்கள் அப்பாவுடையது உட்பட. அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் தாளின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். மடிப்பின் வழியாக ஏதோ பென்சில் எழுத்து தெரிகிறது.