தகப்பன் பெயர் இல்லாத டெனிஷ் முன்னோர்: சர்ச் புத்தகத்தில் எங்கே தேடுவது?

கேள்வி: நான் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் வசிக்கிறேன், கணவர் டெனிஷ்காரர். என் மாமியாரின் கொள்ளுப்பாட்டி 1868இல் யூட்லாந்தில் பிறந்தவர் என்று வீட்டிலுள்ள பழைய பைபிளின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறது. தாயின் பெயரும் ஊரும் உண்டு. தகப்பன் பெயர் இல்லை. போரில் வந்த ஆஸ்திரியச் சிப்பாய்தான் தகப்பன் என்று ஒரு கதை சொல்கிறார்கள். பாதிரியார் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பதிந்து வைத்த சர்ச் புத்தகத்தை இணையத்தில் திறந்து பார்த்தேன், ஓர் எழுத்தும் விளங்கவில்லை. எதில் தொடங்குவது?

பதில்: முதலில் அந்தச் சிப்பாயைக் கவனிப்போம். 1864 போரில் பிரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் யூட்லாந்துக்குள் வந்தது உண்மை. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று வியன்னாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது, பிறகு படைகளும் கிளம்பிவிட்டன. 1865இல் பிறந்த குழந்தைக்கு அந்தக் கதை பொருந்தலாம், 1868இல் பிறந்தவருக்குப் பொருந்தாது. ஆக ஒன்று கதை தவறு, இல்லாவிட்டால் பைபிளில் உள்ள ஆண்டு தவறு. என் ஊகம் கதைதான் தவறு. பண்ணைக்காரன் மகனைவிட அந்நியச் சிப்பாய் வீட்டுக்குச் சௌகரியமான தகப்பன். அவன் திரும்பி வரமாட்டான், பக்கத்து வீட்டில் குடியிருக்கவும் மாட்டான். ஆனாலும் ஊகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேதியை உறுதி செய்வோம்.

தேட வேண்டிய இடம் டெனிஷ் தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவெட் நடத்தும் 'ஆர்கிவாலியர் ஆன்லைன்'. கட்டணம் கிடையாது. அங்கே பெயரைத் தட்டித் தேடினால் ஆள் வந்து நிற்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். சர்ச் புத்தகங்களில் பெரும்பாலானவை வெறும் படங்கள். பழைய மாவட்டமான அம்ட், அதற்குள் பங்கு (ஒரு சர்ச்சின் கீழ் வரும் ஊர்ப்பகுதி), அப்புறம் ஆண்டு என்று இறங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அம்ட்டுகள் இன்று நிர்வாகத்தில் இல்லை; ஹேர்னிங் பக்கத்துப் பங்குகளைப் பழைய ரிங்கொபிங் அம்ட்டின் கீழ் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இதைவிட எளிது. தன்னார்வலர்கள் பலவற்றைத் தட்டச்சு செய்துவிட்டதால், பெயரை வைத்தே தேடலாம்.

அதனால் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். 1870, 1880 இரண்டும் பிப்ரவரி 1ஆம் தேதி நிலவரத்தைக் காட்டுபவை. 1845 கணக்கெடுப்பு முதல் ஒவ்வொருவரும் பிறந்த பங்கையும் எழுதியிருப்பார்கள். இரண்டு வயதுக் குழந்தை 1870இல் யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். தாய் எங்கோ வேலைக்காரியாக இருக்க, குழந்தை தாத்தா பாட்டியிடம் 'மகளின் மகள்' என்று பதிவாகியிருப்பது மிகச் சாதாரணம். வேறு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அடுத்தது திடப்படுத்தல் பதிவு, ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு, டென்மார்க்கில் இன்றும் பதினான்கு வயதில் நடக்கும் கொன்ஃபிர்மேஷன்தான். 1868இல் பிறந்தவர் என்றால் 1882, 1883 வசந்தகாலப் பக்கங்களில் இருப்பார். பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர், அறிவுக்கும் நடத்தைக்கும் மதிப்பெண், அம்மை குத்திய தேதி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். அம்மை குத்தாமல் திடப்படுத்தலோ திருமணமோ கிடையாது என்று 1810இலேயே சட்டம் வந்துவிட்டது, அதனால்தான் அந்தக் கட்டம். பைபிள் ஆண்டைச் சரிபார்க்க இதைவிடக் குறுக்குவழி இல்லை.

இப்போது பிறப்புப் பதிவுக்கு வரலாம். 1814 வாக்கில் அச்சிட்ட கட்டங்கள் கொண்ட புத்தகங்கள் நாடு முழுவதும் வந்துவிட்டன. ஆண் குழந்தைகளுக்கு ஒரு பகுதி, பெண் குழந்தைகளுக்கு இன்னொரு பகுதி. நீங்கள் ஆண் குழந்தைகள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்! எழுத்து கோதிக் கையெழுத்து. அதில் 'எ' ஒலிக்குரிய e எழுத்து இன்றைய n எழுத்தைப் போலவே இருக்கும்; 'உ' ஒலிக்குரிய u எழுத்தின் தலையில் சிறு வளைவு இருக்கும். பெயரில் தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயரை அந்தப் பக்கத்தில் கண்டுபிடித்து, அந்தப் பாதிரியார் ஒவ்வோர் எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பெயருக்குப் போங்கள். இன்னும் பழைய புத்தகங்களுக்குப் போனால் '7' என்று தொடங்கும் மாதச் சுருக்கம் ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

பதிவு கிடைத்ததும் எல்லாரும் பெற்றோர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, தாய் பெயர் மட்டும் இருந்தால் மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது கடைசியில் உள்ள குறிப்புக் கட்டம். திருமணமாகாத தாய் என்றால், குழந்தை பிறப்பதற்குப் பத்து மாதம் முன்பு அவர் எங்கே இருந்தார் என்பதைப் பாதிரியார் அங்கே எழுத வேண்டும். தாய் ஒருவரைத் தகப்பன் என்று சொல்லியிருந்தால் அவர் பெயரும் தொழிலும் பெற்றோர் கட்டத்திலோ குறிப்பிலோ வரும். அது தாயின் வாக்குமூலம்தான், நிரூபணம் அல்ல. பெற்றோர் பின்னால் மணந்துகொண்டிருந்தால் அதையும் சில பாதிரியார்கள் அங்கே பிறகு எழுதிச் சேர்த்திருப்பார்கள்.

இதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். குழந்தை 1868 மே மாதம் பிறந்தது, பத்து மாதம் முன்பு தாய் இன்ன பண்ணையில் வேலைக்காரி என்று குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று பண்ணை வேலையாட்கள் இடம் மாறிய நாட்கள் மே 1, நவம்பர் 1. அப்படியானால் 1867 மே முதல் நவம்பர் வரையாவது அவர் அந்தப் பண்ணையில் இருந்திருப்பார். அந்த அரையாண்டில் அங்கே இருந்த ஆண்கள் யார் யார்? பண்ணைக்காரன், அவன் மகன்கள், வேலைக்காரர்கள். 1860, 1870 கணக்கெடுப்புகளில் குடும்பத்தைப் பிடிக்கலாம். வேலையாட்களைப் பிடிக்க, பங்குக்கு வந்தவர், பங்கை விட்டுப் போனவர் பட்டியல் 1870கள் வரை சர்ச் புத்தகத்திலேயே உண்டு. சில பாதிரியார்கள் ஒழுங்காக எழுதினார்கள், பலர் சோம்பல்பட்டார்கள். ஆண்களுக்கு ராணுவ ஆள்சேர்ப்புப் பட்டியலும் இருக்கிறது.

அப்புறம் அதே பிறப்புப் பதிவில், ஞானஸ்நானத்தின்போது கூட நின்ற ஞானப்பெற்றோர் வரிசையைப் படியுங்கள். குழந்தையைச் சுமந்து சென்ற பெண் பெரும்பாலும் நெருங்கிய உறவு. கூட நின்ற ஆண்களில் அந்தப் பண்ணை ஊர்க்காரர் யாராவது இருந்தால், அவர் ஏன் அங்கே நின்றார் என்று யோசிக்கலாம். குழந்தையின் குடும்பப் பெயரும் ஒரு தடயம். தாய் வழியிலும் வராத, வளர்த்தவர் வழியிலும் வராத பெயர் குழந்தைக்கு இருந்தால், சொல்லப்படாத தகப்பனிடமிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் யென்சன், ஹான்சன், நீல்சன் போன்ற பெயர்கள் யூட்லாந்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம், பலர் தவறவிடுவது. 1814இலிருந்து ஒவ்வொரு பங்கிலும் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று பாதிரியாரிடம், இன்னொன்று பள்ளி ஆசிரியராகவும் இருந்த சர்ச் உதவியாளரிடம். தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து அழியக் கூடாது என்று, ஒரே கூரையின்கீழ் இரவில் வைக்கக் கூடாது என்பதும் விதி. ஒன்றில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தாலும் மற்றதையும் திறந்து பாருங்கள். பிரதி எடுப்பவர் சிலவற்றை விடுவார், சிலவற்றைச் சேர்ப்பார்.

இவ்வளவும் செய்து பெயர் வரவில்லை என்றால், அம்ட் அலுவலக ஆவணங்களில் தகப்பன் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை பற்றிய கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று ரிக்ஸ்ஆர்கிவெட்டில் கேளுங்கள். இதில் எல்லாமே இணையத்தில் இருக்காது, வாசிப்பறைக்குப் போக வேண்டிவரலாம். தாய் இறந்தபோதோ தாத்தா இறந்தபோதோ நடந்த சொத்துப் பிரிவினைப் பதிவிலும் வாரிசுகளின் பெயரும் வசிப்பிடமும் இருக்கும். தகப்பனைக் காட்டாவிட்டாலும், குடும்பம் அந்தக் குழந்தையை எப்படி வைத்திருந்தது என்பதைக் காட்டும்.

டிஎன்ஏ சோதனையையும் யோசிக்கலாம். கணவரைவிட மாமியாருக்குச் செய்வது மேல். அந்தத் தகப்பனுக்கு ஒரு தலைமுறை அருகில் இருக்கிறார். ஆனால் அவரிடம் முதலில் பேசுங்கள். 1868 அவருக்குப் பழைய கதையாக இருக்கலாம், சோதனை காட்டப்போவது 1868ஐ மட்டும் அல்ல. அவர் வேண்டாம் என்றால் சர்ச் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பார்த்த ஒவ்வொரு பதிவுக்கும் அம்ட், பங்கு, புத்தகத்தின் ஆண்டுகள், படத்தின் எண், பதிவின் எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத வரி இருந்தால் அதை மட்டும் வெட்டி அனுப்பாமல் முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். அந்தப் பாதிரியாரின் கை பழகினால்தான் ஒரு வரியையாவது படிக்க முடியும்.