ஏ.ரி.எம். மெசினில் களவாகக் காசு எடுத்தவரைப் பிடிக்க ஏலுமா?

கேட்டவர் கிளிநொச்சிக்காரர். அம்மாவின் அட்டையில் யாரோ காசு எடுத்துவிட்டார்களாம்.

பெரும்பாலும் பிடிக்கலாம். எந்த மெசின், எத்தனை மணி, எவ்வளவு காசு என்பதெல்லாம் வங்கிப் பதிவில் விழுந்துவிடும். அந்த நேரத்துக்குக் கமராவைத் திருப்பிப் பார்த்தால் ஆள் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு போனாலும், ஏ9 வீதிக் கடைக் கமராவில் மோட்டார் சைக்கிள் இலக்கம் அகப்படக்கூடும். கொழும்பென்றால் சனத்துக்குள் மறையலாம். மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ நடையைப் பார்த்தே 'இது இன்னாற்றை பெடியன்' என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கமராப் பதிவு கனநாள் இருக்காது. புதியது பழையதை அழித்துவிடும். ஆகவே இன்றைக்கே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பதிவை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

மெசின் வாயில் கருவி பொருத்தி அட்டையை நகலெடுக்கும் கூட்டங்களும் உண்டு. அந்தக் கருவி காந்தப் பட்டியைத்தான் நகலெடுக்கும், சிப்பை அல்ல. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தின்படி, மோசடிக்கென்று போலி அட்டையைக் கையில் வைத்திருப்பதே குற்றம். காசு எடுத்திருக்க வேண்டுமென்றில்லை.

உங்கள் வீட்டில் நடந்தது அதுவாக இராது என்றே நினைக்கிறேன். ஓய்வூதியம் எடுத்துவரச் சொல்லி, தெரிந்த பெடியன் ஒருவனிடம் அட்டையைக் கொடுத்து, இரகசிய இலக்கத்தை உறையிலேயே எழுதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியென்றால் ஆள் அகப்படுவான். வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்பதுதான் கஷ்டம். அம்மாவை ஏசாமல் முதலில் அதை விசாரியுங்கள்.