மாட்டு மருந்தைப் பூனைக்குப் பூசலாமுங்களா?

எங்க தோட்டத்துல நாலு மாடு, ஒரு நாய், ரெண்டு பூனை இருக்குதுங்க. பூனை ரெண்டுக்கும் தெள்ளு ஏறிப்போச்சு. மாட்டு உண்ணிக்குத் தண்ணியில கலந்து பூசுற மருந்து பாதி பாட்டில் மிச்சம் கிடக்குது. நாய்க்கும் அதையேதான் பூசுவோம், ஒண்ணும் ஆனதில்லை. பூனைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி சேர்த்துப் பூசலாமுங்களா?
— ஒரு வாசகர், காங்கேயம்

வேண்டாமுங்க. பாட்டிலை நல்லா மூடி அட்டாலி மேல வெச்சிட்டு வந்து மீதியைப் படியுங்க.

உங்க பாட்டிலின் லேபிளில் அநேகமாக டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் என்று இருக்கும். இல்லையென்றால் அமிட்ராஸ். மூன்றுமே பூனைக்கு ஆகாது. மெத்ரின் வகை மருந்துகளை மாடும் நாயும் கல்லீரலில் உடைத்து வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்கிற நொதி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. உள்ளே போன மருந்து உடைபடாமல் நரம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு பூனைக்கு நாளெல்லாம் உடம்பை நக்குவதுதான் வேலை. முதுகில் பூசியது அரை மணி நேரத்தில் வயிற்றுக்குப் போய்விடும். அதனால் தண்ணீர் சேர்ப்பது தீர்வே இல்லை. எவ்வளவு சேர்த்தால் பூனை தாங்கும் என்று அந்த லேபிளில் எழுதியிருக்காது, ஏனென்றால் அது பூனைக்கான மருந்தே இல்லை.

நாய்க்குப் பிடரியில் ஊற்றுகிற சின்னக் குழாய் மருந்து இதைவிட மோசம். அதில் சிலவற்றில் பெர்மெத்ரின் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இருக்கும். பூனைக்கு ஒரு சில சொட்டே போதும், உயிரை எடுத்துவிடும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு செல்லப்பிராணிக் கடையில் பூனைக்கென்று கேட்ட என்னிடம், "பூனைது ஸ்டாக் இல்லீங்க, இது நாய்து, பாதி ஊத்துனா சரியாப்போயிரும்" என்று ஒரு குழாயை நீட்டினார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பூனைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு, பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடித்தே இருந்தது. விற்றவர் அதைப் பார்த்ததே இல்லை போல. அன்றிலிருந்து பெட்டியின் முன்பக்கத்தை நான் பார்ப்பதே கிடையாது. நேராகப் பின்பக்கம்தான்.

தெரியாமல் ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் இருந்தால் அவர்களுக்காக: காது துடிப்பது, முகமும் கால்களும் வெட்டி வெட்டி இழுப்பது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, கடைசியில் வலிப்பு. சில மணி நேரத்தில் தொடங்கலாம், மறுநாள் வரைக்கும்கூட ஆகலாம். தெரிந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவுகிற திரவ சோப்புப் போட்டு, மருந்து பட்ட இடத்தை நன்றாகக் கழுவுங்கள். ஷாம்பூவை விட எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பது அதுதான். ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் குளிப்பாட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் நேராக டாக்டரிடம் ஓடுங்கள். கழுவியபின் துண்டில் சுற்றிச் சூடாக வைத்து, மருந்து பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது பாட்டிலைத்தான். விளக்கெண்ணெய், புளித்தண்ணி, பால் எதையும் வாயில் ஊற்றாதீங்க, வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருந்தாலும், இந்த நேரத்துக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டாக்டர்தான் பெரிய டாக்டர். நேரத்தோடு போனால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இன்னொன்று. உங்க நாய்க்கு அந்த மருந்தைப் பூசினால் பூனை அது மேல ஒட்டிப் படுக்காமல் பார்த்துக்குங்க. குளிருக்கு நாயின் வயிற்றோரம் சுருண்டு படுக்கிற பூனை நம்ம பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ. பூனை இருக்கிற வீட்டில் நாய்க்கும் மெத்ரின் இல்லாத மருந்தாக வாங்கிவிடுவது நிம்மதி.

அப்படின்னா பூனைக்கு எதைத்தான் வாங்குறது? கடையில் பவுடர், ஷாம்பூ, பெல்ட், சொட்டு மருந்து என்று அடுக்கி வெச்சிருக்காங்க.
— ஒரு வாசகி, கோபி

சொட்டு மருந்துதான். மற்றது எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபிப்ரோனில், அதோடு மெத்தோபிரீன் சேர்ந்தது ஒரு வகை. மெத்தோபிரீன் தெள்ளின் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். செலாமெக்டின் இன்னொரு வகை, அது காதுச் செள்ளையும் சில குடற்புழுவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். இமிடாகுளோப்ரிட் - மாக்சிடெக்டின் கூட்டு மூன்றாவது. இதே பெயரில் நாய்க்கும் குழாய் வரும், ஆனால் உள்ளே இருக்கும் மாக்சிடெக்டின் அளவு வேறு. பூனைக்கு 1 சதவீதம், நாய்க்கு 2.5 சதவீதம். பெட்டியின் நிறம் ஒன்றுபோல இருக்கும், ஏமாந்துவிட வேண்டாம்.

வாங்கும் முன் எடை பார்த்துவிடுங்கள். மருந்து எடைக்குத்தான், வயசுக்கு அல்ல. எங்கள் வீட்டுப் பூனையைக் கட்டைப்பைக்குள் விட்டு, பயணப்பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினேன். 3 கிலோ 400. அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். குட்டியாக இருந்தால் வயசும் முக்கியம். பெரும்பாலான சொட்டு மருந்துகள் 8 வாரம் ஆன பிறகுதான். அதற்குக் கீழே இருக்கிற குட்டிக்கு பேன் சீப்புதான் மருந்து. ஒரு குண்டாவில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாரி வாரி அதில் முக்குங்கள். தெள்ளு முங்கிச் செத்துப்போகும். குட்டியின் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் தெள்ளு இரத்தத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஊற்றுவது பிடரியில், மண்டை ஓடு முடிகிற இடத்தில், முடியை விலக்கித் தோலின் மேல். முடி மேல் ஊற்றினால் காசு முடிக்குப் போச்சு. முதுகு நடுவில் ஊற்றினால் நக்கிவிடும். ஃபிப்ரோனிலாக இருந்தால் முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

ஷாம்பூ அன்றைக்கு உடம்பில் இருப்பதைக் கொல்லும், நாளைக்கு ஏறுவதை ஒன்றும் செய்யாது. பவுடரைப் பூனை மூச்சில் இழுக்கும், நக்கும், எனக்குப் பிடிக்காது. பெல்ட்டில் முக்கால்வாசி வாசனைதான். ஃப்ளூமெத்ரின் கலந்த பெல்ட் ஒன்று பூனைக்கென்றே அனுமதி பெற்று வருகிறது, மெத்ரின் கூடாது என்ற விதிக்கு அது விலக்கு. ஆனால் பூனைக்கு உரியது என்று எழுதியிருந்தால் மட்டும். வேலி தாண்டி மரம் ஏறுகிற பூனைக்குப் போடுவதாக இருந்தால், இழுத்தால் கழன்றுவிடும் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூனைக்கான சொட்டு மருந்துதான் வாங்கிப் போட்டேன். 12 நாள் ஆச்சு, மறுபடியும் தெள்ளு ஓடுது. டூப்ளிகேட் மருந்தா?
— ஒரு வாசகர், திருப்பூர்

மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: பூனை எதன் மேல் படுக்கிறது? திருப்பூரில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கம்பெனி கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாக வாங்கி வந்து பூனைக்கு மெத்தை போடாத வீடு உங்கள் ஊரில் குறைவு. அந்தப் பனியன் துணிதான் இப்போது தெள்ளுப் பண்ணை.

பூனை மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் சின்னப் பங்கு. பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் இடும். முட்டை ஒட்டாது, பூனை போகிற இடமெல்லாம் உப்புத் தூவின மாதிரி உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து துணி மடிப்பு, கட்டிலுக்கு அடி, ஜமுக்காளத்தின் அடிப்பக்கம் என்று ஒளிந்துகொண்டு, பெரிய தெள்ளுகளின் எச்சத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. மாசக்கணக்கில் உள்ளேயே காத்துக்கொண்டு இருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நோம்பிக்குப் போனவர்களின் காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். நீங்கள் 12-ஆம் நாள் பார்த்தது புதிதாகக் கூட்டை விட்டு வந்து ஏறியவையாக இருக்கும். மருந்து வேலை செய்தால் அவை ஒரு நாளில் செத்துவிடும்.

சந்தேகம் என்றால் ஒரு சோதனை. பூனையின் வால் அடிப்பக்கம் சீப்பால் வாரி, வருகிற கருப்புத் துகளை நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் அதைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவும், அது பூனையின் இரத்தம். வாரா வாரம் செய்து பாருங்கள், துகள் குறைந்துகொண்டு வந்தால் மருந்து அசல்தான்.

செய்ய வேண்டியது: அந்த வேஸ்ட் துணியை மூட்டையோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். துவைக்கக்கூடிய ஒரே ஒரு விரிப்பு போடுங்கள், வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் ஊற வைத்துத் துவைக்கலாம். பவானி ஜமுக்காளம் விரித்திருந்தால் வெயிலில் கவிழ்த்துப் போட்டுத் தட்டுங்கள். நம்ம சித்திரை வெயிலும் காய்ந்த காற்றும் தெள்ளுப் புழுவுக்கு எமன். ஐப்பசி மழை ஈரத்தில்தான் அது கொண்டாட்டம் போடும். வாக்வம் கிளீனர் இருந்தால் கட்டிலுக்கு அடியில் தினமும், இல்லாவிட்டால் சீமாத்தால் கூட்டி ஈரத்துணி போடுங்கள், குப்பையை உடனே வெளியே கொட்டிவிடுங்கள். தோட்டத்து வீட்டுக்காரர்கள் தட்டுப்போரையும் மறக்க வேண்டாம், பூனை அங்கேதான் குட்டி போடும். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரே நாளில் அதனதன் மருந்தைப் போட்டு, மூன்று மாசம் விடாமல் தொடருங்கள். ஒன்றை விட்டால் அதுவே மற்றதுக்கெல்லாம் சப்ளை செய்யும்.

அம்மாயி வேப்பெண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். மஞ்சள், பூண்டு எல்லாம்கூடச் சொல்கிறார். இயற்கைதானே?
— ஒரு வாசகி, ஈரோடு

மஞ்சளைத் தவிர மற்றதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மஞ்சளும் தெள்ளைக் கொல்லாது, பூனை மஞ்சளாகும், அவ்வளவுதான். வேப்பெண்ணெய் தேய்த்த பூனை அதை நக்கி, எச்சில் வடிந்து, தள்ளாடி டாக்டரிடம் போனதுண்டு. கற்பூரம் விஷம். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். நீலகிரித் தைலமும் டீ ட்ரீ ஆயிலும் பூனைக்கு விஷம்தான். தெள்ளுக்குத் தரையில் ஃபினாயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. காய்வதற்குள் பூனை நடந்தால் பாதத்தை நக்கும். அந்தக் காலத்தில் கெமாக்சின் பவுடரைத் துணியில் கட்டித் தட்டுவார்கள், அம்மாயிக்கு ஞாபகம் இருக்கும். 1997-லேயே தடை செய்தாயிற்று. எந்த வீட்டுப் பரணிலாவது டப்பா மிச்சம் இருந்தால் தொடாதீர்கள். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸும் பெரும்பாலும் மெத்ரின் வகைதான், பூனை மேல் கிழிக்கிற ஆளை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மாயியிடம் பேன் சீப்பைக் கொடுங்கள். அவர் கைக்கு வராத தெள்ளு இல்லை.

ஆன்லைனில் பூனைச் சொட்டு மருந்து ஆர்டர் பண்ணினேன். வந்ததில் காலாவதித் தேதி முடிய 10 நாள்தான் இருக்கிறது, அதுவும் நாய்க்கானது. "மருந்து ரிட்டன் கிடையாது" என்கிறார்கள்.
— ஒரு வாசகர், கோவை

பெட்டியைப் பிரிக்காதீர்கள். கேட்ட பொருளை அனுப்பாமல் வேறொன்றை அனுப்பிவிட்டு ரிட்டன் இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து என்பதால் அந்த உரிமை போய்விடாது. பேட்ச் நம்பர், தேதி, எடை வரம்பு, பில், ஆர்டர் செய்தபோது திரையில் இருந்த படம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சில நூறு ரூபாய் விவகாரம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

கடையில் வாங்குகிறவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்து ஒற்றைக் குழாய் மட்டும் தருகிற கடையில் தேதியும் பேட்ச் நம்பரும் பெட்டியோடு போய்விடும், நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது, நெளிகிறது. தெள்ளு முட்டையா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

இல்லைங்க, தெள்ளு முட்டை அவ்வளவு பெரிசாக இருக்காது, நெளியவும் நெளியாது. அது நாடாப்புழுவின் துண்டு. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கியதால் வந்தது. பிராசிகுவான்டெல் மாத்திரை எடைக்கு ஏற்ற அளவில் டாக்டர் தருவார். ஆனால் தெள்ளு மருந்தையும் அதே நாளில் தொடங்குங்கள். மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் அதே அரிசி மறுபடியும் வாலடியில் இருக்கும்.