உப்பும் மணலும் இல்லாமல் கொண்டுவாருங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நெடுநாளாகப் பழைய பொருள் வியாபாரம் செய்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கீழக்கரை வாசகி: காக்கா, பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் நம் ஊரில் யார்?

பழைய இரும்புக் கடை, தெருவில் வண்டி தள்ளி வருபவர், நகராட்சித் தூய்மைப் பணியாளர். ஊராட்சியானால் தூய்மைக் காவலர். நாங்கள் சேர்த்து வெளியூர் ஆலைகளுக்கு ஏற்றிவிடுகிறோம். தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த குடம், அட்டைப்பெட்டி எல்லாம் காசாகும். மணல் ஒட்டியிருந்தால் எடையில் கழித்துவிடுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மசாலா, பிஸ்கட் உறைகளை எந்தக் கடையும் வாங்காது. பல அடுக்காக ஒட்டியவை, பிரிக்க முடியாது. காயவைத்து நகராட்சி வண்டியில் கொடுங்கள். சிமெண்ட் ஆலைகள் அவற்றை எரிபொருளாக எடுப்பதுண்டு.

பாம்பன் வாசகர்: அண்ணே, கிழிந்த வலை முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. விலை போகுமா?

போகும் தம்பி, கலவையாகக் கொண்டுவராதவரை. தங்கூசி வலை, அதாவது கண்ணாடி போன்ற ஒற்றை இழை வலை, நைலான். கயிறு பெரும்பாலும் பாலித்தீன் வகை. சேர்த்து உருக்கினால் இரண்டும் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகக் கசக்கிவிடுங்கள். நைலான் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும். மிதப்பு, ஈயக்குண்டு, முடிச்சில் சிக்கிய சிப்பி, நண்டுக்கால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஈயத்துக்குத் தனி விலை. உப்புப் போக அலச நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். மழை நாளில் விரித்துப் போட்டால் போதும். கடலில் மட்டும் வீசாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிப் பவளப்பாறை. அங்கே போய்ச் சிக்கினால் நாளை உங்கள் புது வலையும் அதிலேயே மாட்டும்.

தொண்டி வாசகர்: பழைய டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி?

பேட்டரியை விற்ற கடையிலேயே கொடுங்கள். புதியதன் விலையில் கழிப்பார்கள். டிவியை என்னிடம் கொண்டுவராதீர்கள், எனக்கு அனுமதி இல்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன்படி பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. அதன் சேவை மையத்தில் கேளுங்கள். அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி பெற்றவர்களின் பட்டியலைக் கேளுங்கள். வயரை எரித்துத் தாமிரம் எடுப்பவரிடம் நூறு ரூபாய் கூடக் கிடைக்கலாம். அந்தப் புகை உங்கள் தெருவுக்குத்தான் வரும்.

மண்டபம் வாசகி: மீன் கழிவைப் புதைத்தால் நாய் தோண்டிவிடுகிறது.

ஆழமாகத் தோண்டி, காய்ந்த இலைச் சருகும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுங்கள். மேலே இரண்டு கருவேலங்கிளை. நம் மாவட்டத்தில் முள்ளுக்கா பஞ்சம்?

இராமேசுவரத்தில் விடுதி நடத்துபவர்: யாத்திரிகர்கள் விட்டுப்போகும் ஈரத்துணியை எடுப்பீர்களா?

உப்பு ஊறியதை எடுக்க மாட்டோம். அலசிக் காயவைத்த பருத்தித் துணியைப் பட்டறைகளில் கை துடைக்க வாங்குவார்கள், பாலியெஸ்டர் தேறாது. உங்களுக்கு வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது: தண்ணீர் பாட்டில்களைத் தனிச் சாக்கில் போடச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து நசுக்கினால் இன்னும் கொள்ளும். சாக்கு நிறைந்ததும் சொல்லியனுப்புங்கள், வண்டி வரும்.